என் தொண்டையைக் கெடுத்தது மெட்டல் இல்லை, எட்டாம் வகுப்பு

நான் மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக் குழுவில் க்ரௌல் பண்ணுகிறேன், அதாவது அடித்தொண்டையில் உறுமிப் பாடுகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "தொண்டை கிழிஞ்சிடாதா?" அடுத்தது, "நீங்க டீச்சர்தானே?" இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். என் தொண்டை ஏற்கெனவே ஒருமுறை கெட்டுப்போனது. கெடுத்தது மெட்டல் இல்லை, எட்டாம் வகுப்பு பி பிரிவு.

கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வாரக் கடைசியில் பாண்டிச்சேரியில் நாலு பேர் சேர்ந்த ஒரு சின்னக் குழுவில் குரல் கொடுக்கிறேன். மேடை என்று பார்த்தால் எப்போதாவது ஒரு கல்லூரி விழா, ஜூன் 21 இசை விழாவையொட்டிப் பாண்டியில் நடக்கும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி, அவ்வளவுதான். சம்பாதிக்கிற வேலை இல்லை. ஆனால் தொண்டையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாமே அங்கிருந்து வந்ததுதான் என்பதால், நிறைய பேர் கேட்டுக்கொண்டே இருப்பதால், இதை எழுதுகிறேன்.

முதலில் எட்டாம் வகுப்பு. ஐம்பது பிள்ளைகள், தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் இரண்டு ஃபேன், ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன். வருஷக் கடைசியில் குரல் கம்மும், மே மாதம் ஓய்வெடுத்தால் தெளியும். ஒரு வருஷம் மே மாதம் முடிந்து பள்ளி திறந்த பிறகும் தெளியவில்லை. பாண்டியில் ஓர் ஈஎன்டி டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டார். திரையில் பார்த்தபடியே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பு, "டீச்சரா?" என்றார். இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிராகச் சின்னத் தடிப்பு. குரல்நாண் முடிச்சு என்பார்கள். ஆசிரியர், பேருந்து நடத்துநர், ஏலம் விடுகிறவர், கச்சேரிப் பாடகர் என்று குரலை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு வருவது. அறுவை சிகிச்சை வேண்டாம், பேசும் விதத்தை மாற்றினாலே பெரும்பாலும் கரைந்துவிடும் என்று குரல் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

ஒரே ஒரு விஷயம் புரிந்தால் மெட்டல் குரலில் பாதி புரிந்துவிடும். குரல்வளைக்குள் இரண்டு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. கீழே இருப்பது நாம் பேசவும் பாடவும் பயன்படுத்தும் குரல்நாண். பெண்களுக்குச் சாதாரணப் பேச்சில் இது நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகிறது. ஆண்களுக்கு நூறிலிருந்து நூற்றிருபது வரை. கணக்கு டீச்சர் இல்லையா, பெருக்கிப் பார்த்தேன். ஒரு நிமிடக் குரலுக்கு 12,000 மோதல். 45 நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் நாண் அதிர்கிறது என்று வைத்தாலும் 2,70,000. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு என்றால் பதின்மூன்றரை லட்சம். அதுவும் மெதுவாக மோதுவதில்லை. சத்தத்தைக் கூட்டக் கூட்ட மோதலின் வேகமும் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. நாலு நிமிடப் பாட்டில் நான் வாயைத் திறப்பதே இரண்டு நிமிடம்தான். எது தொண்டையைத் தேய்க்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஜோடிக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி இருக்கிறது. பொய்க் குரல்நாண் என்று பெயர். இதற்குப் பேச்சில் பெரிய வேலை கிடையாது. விழுங்கும்போது, இருமும்போது, பாரம் தூக்கும்போது மூடிக்கொள்ளும். நிறைகுடத்தைத் தரையிலிருந்து இடுப்பில் ஏற்றும்போது ஒரு முக்கல் வருமே, அந்த நேரத்தில் நெருங்கி வருவது இந்த ஜோடிதான். தடிமனாக, மெத்தென்று இருக்கும். ஈரம் சுரக்கும் சுரப்பிகள் இதில் நிறைய. டெத் மெட்டல் என்ற மெட்டல் வகையில் கேட்கும் அடித்தொண்டை உறுமல் பெரும்பாலும் இந்த மேல் ஜோடி காற்றில் அதிர்வதால் வருகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தி அதன் போக்கில் சாதாரணமாகத்தான் அதிரும், அதற்கப்புறம் வரும் பெடல்தான் ஒலியைக் கரடுமுரடாக்கும். தொண்டையில் அந்தப் பெடல் இந்த மேல் ஜோடி. பெடலைத் தொடாமல் தந்தியைப் போட்டு அடித்துக் கரடாக்கப் பார்த்தால் தந்தி அறும். தெரியாமல் கத்திப் பாடுகிறவர்கள் செய்வது அதைத்தான்.

இது மேற்கத்தியக் கண்டுபிடிப்பும் இல்லை. தெற்கு சைபீரியாவில் துவா என்ற பகுதியில் கார்கிரா என்று ஒரு பாட்டு முறை இருக்கிறது. அதில் குரல்நாண் இரண்டு முறை அதிரும் நேரத்தில் பொய்க் குரல்நாண் ஒரு முறை அதிரும். அதனால் பாடுகிறவரின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் கேட்கும். திபெத்தியத் துறவிகளின் மந்திர ஓதலில் கேட்கும் ஆழமும் இந்த வகைதான். நம் ஊரில் மயானக் கொள்ளை அன்று அங்காளம்மன் கோயில் வாசலில் அருள் வந்து ஆடுகிறவரிடம் கேட்கும் அந்த உறுமலை நினைத்துப் பாருங்கள். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. 2022-இல் லோர்னா ஷோர் என்ற மெட்டல் குழுவின் பாடகர் வில் ராமோஸ் தன் குரல்வளைக்குள் கேமரா விட்டுக்கொண்டு உறுமிக் காட்டியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது இன்னும் தெளிவாக இருக்கும். மேலே உள்ள மடிப்புகளும் சதைகளும் சுருங்கி விரிந்து அப்படி ஓர் ஆட்டம் ஆடுகின்றன. சாப்பிட்டுக்கொண்டு பார்க்க வேண்டாம்.

குரல் பயிற்சிக்கு வருவோம். அந்தப் பயிற்சியாளர் என்னைவிட வயதில் சின்னவர். முதல் நாள் ஒரு ஸ்ட்ராவைக் கையில் கொடுத்தார். பாட்டிலில் பாதித் தண்ணீர், அதில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு விரல்கடை முக்கி, "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழி விட வேண்டும். குரலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாய்ப்பக்கம் குறுகலாக இருப்பதால் காற்று கொஞ்சம் திருப்பித் தள்ளும், அந்த எதிரழுத்தத்தில் குரல்நாண்கள் ஒன்றையொன்று அறையாமல் லேசாகத் தொட்டு அதிரும். குரல் அறிவியலில் பெரிய பெயரான இங்கோ டிட்ஸே இந்த ஸ்ட்ரா பயிற்சியைப் பற்றி நிறைய ஆராய்ந்து பரப்பியவர். இதற்குச் செலவு என்று எதுவும் இல்லை, இளநீர்க் கடையில் கேட்டால் ஒரு ஸ்ட்ரா சும்மாவே கொடுப்பார்கள்.

தடிப்பு கரைந்த பிறகுதான் மெட்டல் ஆசையை அவரிடம் சொன்னேன். சிதம்பரத்தில் படித்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள் நான். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா குழுவை ஹாஸ்டலில் யாரோ போட்டுக் காட்டினார்கள். வேதாந்தம், சமஸ்கிருதச் சுலோகம், அதன் மேல் டெத் மெட்டல் உறுமல், உறுமுகிறவர் கதிர் என்ற நம் ஆள். அன்றைக்குப் பிடித்த பித்து. அதற்கப்புறம் ஆர்ச் எனிமி என்ற மெட்டல் குழுவில் ஆஞ்சலா கோசோ என்ற பெண் உறுமுவதைக் கேட்டபோது இது ஆண் குரலுக்கு மட்டும் உரியது இல்லை என்பதும் தெரிந்துபோனது. பயிற்சியாளர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "கத்துவீங்களா, உறுமுவீங்களா?" என்று கேட்டார். வித்தியாசம் தெரியாமல் முழித்தேன். "கத்துறதா இருந்தா வேண்டாம். உறுமுறதா இருந்தா மெதுவா உறுமிப் பழகுங்க. மெதுவா வரலைன்னா சத்தமா வரவே வராது" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் என் அனுபவத்தில் எல்லாமே. ஆனால் நான் அதைப் பின்பற்றியதற்குக் காரணம் அறிவு இல்லை, வீடு. மஞ்சக்குப்பத்தில் ஒரு போர்ஷனில் இருக்கிறோம். பக்கத்துப் போர்ஷனுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே குக்கர் விசில் எத்தனை என்று இங்கே எண்ணலாம். இந்த வீட்டில் நான் முழுச் சத்தத்தில் உறுமினால் தெருவே கூடிவிடும். அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறையில், பேச்சுச் சத்தத்தைவிடக் குறைவாகத்தான் பழகினேன். அப்படியும் ஒருநாள் பக்கத்துப் போர்ஷன் அத்தை என் மாமியாரிடம் கேட்டுவிட்டார். "ராத்திரியில யாருக்கோ இழுக்குற மாதிரி சத்தம் வருதே, ஒனக்கு எதுவும் உடம்பு சரியில்லையா?" மாமியார் நிதானமாக, "அது எங்க மருமவ பாடுறா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

வெளிநாட்டு வீடியோக்களில் சவுண்டுப்ரூஃப் அறையில் நின்று ஆளாளுக்கு அலறுவதைப் பார்த்துவிட்டு, நமக்கு அந்த வசதி இல்லையே என்று பையன்கள் புலம்புகிறார்கள். சவுண்டுப்ரூஃப் அறை இல்லாததுதான் எனக்குக் கிடைத்த பெரிய வசதி. சத்தம் போட முடியாத இடத்தில் தொண்டையை இறுக்கி ஏமாற்ற முடியாது. அந்த உறுமல் குறைந்த காற்றில், குறைந்த ஒலியில், சரியான இடத்தில் அதிர்ந்தால்தான் வரும். இல்லாவிட்டால் வெறும் காற்றுதான் வெளியே வரும்.

எப்படிப் பழகினேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் ஒரு பெருமூச்சு. நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து நாற்காலியில் விழும்போது வருமே, அந்த "ஹா". கண்ணாடியில் ஆவி படியும் அளவுக்கு வெதுவெதுப்பான காற்று, கொட்டாவி விடும்போது இருப்பதுபோலத் திறந்த தொண்டை. அந்தப் பெருமூச்சின் நடுவில், பாரம் தூக்கும் முக்கலை ஒரு துளி சேர்க்க வேண்டும். ஒரு துளிதான். சரியாக விழுந்தால் லேசான கரகரப்பு காற்றில் ஏறும். பிடிபடாதவர்களுக்கு இன்னொரு வழி, எம்.ஆர்.ராதா மாதிரி பேசிப் பார்ப்பது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் மிமிக்ரி பண்ணத் தெரிந்த எந்தப் பையனும் எம்.ஆர்.ராதாவில்தான் தொடங்குகிறான். அந்தக் கரகரப்பைப் பிடிக்கும்போது அவன் தன்னை அறியாமலே மேல் ஜோடியை நெருக்குகிறான். அதிலிருந்து பேச்சை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் நீட்டினால் க்ரௌலின் முளை வந்துவிடும்.

அந்த முளையைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். ஒரே மூச்சில் மணிக்கணக்காகப் பழகுவதைவிட, சோறு வடியும் நேரத்தில் கொஞ்சம், துணி காயப்போடும்போது கொஞ்சம் என்று பிரித்துப் பழகுவதுதான் உடம்புக்குப் பிடிக்கிறது. குறுகுறுப்பு வந்து இருமல் கிளம்பினால் காற்று அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். எரிச்சல் வந்தால், வலி வந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டும். "வலிச்சாத்தான் வளரும்" என்று ஜிம்மில் சொல்வதை இங்கே கொண்டுவராதீர்கள். அது தொடைச் சதைக்குச் சரி.

மூச்சு விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. "வயித்திலிருந்து பாடு" என்கிறார்கள். வயிற்றில் காற்று இல்லை, நுரையீரலில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம், மூச்சு இழுக்கும்போது விலாவும் வயிறும் விரியட்டும், விடும்போது அந்த விரிவை உடனே விட்டுவிடாமல் மெல்ல மெல்ல உள்ளே வாங்கு என்பது. பஸ் பிடிக்க ஓடி வந்தவர் பேசுவதுபோல மொத்தக் காற்றையும் முதல் சொல்லிலேயே கொட்டிவிட்டால், மீதி வரிக்குக் காற்றில்லாமல் தொண்டை இறுக்கித் தள்ளும். தொண்டை இறுகுகிற நேரம் பெரும்பாலும் மூச்சு தீர்ந்துபோன நேரம்தான்.

ஃப்ரை ஸ்க்ரீம் என்று இன்னொரு வகையும் இருக்கிறது. காலையில் எழுந்து முதல் சொல் பேசும்போது குரல் தனித்தனியாகக் கிடுகிடுவென்று உடைந்து வருமே, அந்த ஒலியில் தொடங்கிக் கூர்மையாக மேலே ஏற்றுவது. ப்ளாக் மெட்டல் என்ற மெட்டல் வகையில் கேட்கும் கிறீச்சிடும் குரல்களில் பல இந்த வழியில் வருகிறவை. எனக்கு இது இன்னும் வசப்படவில்லை, அதனால் பாடம் எடுக்கப் போவதில்லை.

மூச்சைப் பற்றி எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கூத்துக்காரர். எங்கள் அம்மா ஊர் பண்ருட்டிப் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம். துச்சாதனன் வேஷம் கட்டும் பெரியவர் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை. இரவு பத்து மணிக்கு முகவீணையும் மத்தளமும் தொடங்கினால் விடியும் வரை ஓயாது. அவர் திரைக்குப் பின்னாலிருந்து உறுமிக்கொண்டு வெளிப்படும்போது முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். மைக் இல்லாத காலத்திலிருந்து ஆடுகிறவர். இன்றைக்கும் அந்த உறுமல் அவரிடம் இருக்கிறது.

அவரிடம் என் பாட்டை ஃபோனில் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டார். "நல்லாத்தான் உறுமுற. ஆனா வரிக்கு வரி உறுமுனா யாரு பயப்படுவா?" என்றார். அப்புறம் விளக்கினார். கூத்தில் வேஷக்காரர் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் ஆடுவார், மூச்சு வாங்குவார், தண்ணீர் குடிப்பார். இடையில் கட்டியங்காரன் வந்து ஜனங்களைச் சிரிக்க வைப்பான், அதுவும் ஓய்வுதான். ஓர் இரவு முழுக்கத் தாங்குகிற தொண்டை என்று நாம் வியப்பது உண்மையில் ஓய்வுகளைச் சரியாகச் செருகிய அமைப்பு. "ஆட்டத்தன்னைக்குப் பகல்ல நான் யாருகிட்டயும் வாய் குடுக்க மாட்டம்மா, ஒம் பெரியம்மாவுக்கு அதுல ரொம்ப சந்தோஷம்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எங்கள் பாட்டுகளில் உறுமல் வரியை அடுத்து கிட்டார் அந்தத் தாளத்தையே திருப்பி வாசிக்கும், பேஸ் வாசிக்கும் தம்பி சாதாரணக் குரலில் ஒரு வரி பாடுவான். கேட்கிறவர்களுக்கு அது பாட்டின் அழகு, எனக்கு நாலு மூச்சு. ஆனால் கூத்துக்காரர்கள் எல்லோரும் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் என்று கதை விட மாட்டேன். பெரியப்பாவின் கூத்து ஜமாவிலேயே குரல் போய் மத்தளத்துக்கு மாறியவர் ஒருவர் இருக்கிறார். கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டர் அவருக்குக் கிடைக்கவில்லை.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் கேட்டிருப்பீர்கள். படகு மோட்டார் சத்தம், காக்கை, ஐஸ் உடைக்கிற சத்தம் எல்லாவற்றையும் மீறி ஏலம் விடுகிறவர் குரல் தனியாகக் கேட்கும். அவர் கத்துவதில்லை. மூக்கடியில் கூர்மையாக்கிப் பேசுகிறார். குரல்வளைக்கு மேலுள்ள குழாயைக் குறுக்கினால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியின் பலம் கூடும். நம் காது அந்தப் பகுதியில்தான் மிகவும் கூர்மையாகக் கேட்கும். குறைந்த உழைப்பில் அதிகம் கேட்கும். இதை நான் பாட்டில் கொஞ்சம்தான் பயன்படுத்துகிறேன், வகுப்பில்தான் அதிகம். எட்டாம் வகுப்புக்கு இப்போது என் குரல் பழையபடி கடைசி பெஞ்ச் வரை போகிறது, ஆனால் கத்துவதில்லை. பையன்கள் என் குரல் "ஏலக்காரம்மா குரல்" ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

வீட்டில் மெதுவாக வந்த குரல் ஒத்திகை அறைக்குப் போனதும் கெட்டது. அதுதான் எனக்குப் பெரிய சோதனை. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அழகாக உறுமிக்கொண்டு போவேன். முத்தியால்பேட்டையில் உள்ள அறைக்குள் நுழைந்து டிரம்ஸ் தொடங்கினதும், என்னை அறியாமல் தொண்டை நெரியும். இதற்குப் பெயர் லொம்பார்ட் விளைவு. எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் எழுதியது. சுற்றுச் சத்தம் கூடினால் மனிதன் தானாகவே குரலை உயர்த்துகிறான், வேண்டுமென்று செய்வதில்லை. ஃபேனும் ஹாரனும் ஓடும் வகுப்பறையில் என் குரல்நாணைத் தடிக்க வைத்ததும் இதே விளைவுதான். மருந்து எளிது. காதில் அடைப்பான் போட்டுக்கொண்டால் டிரம்ஸ் ஒலி தணியும், சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்ளே நன்றாகக் கேட்கும். கேட்டால் தள்ளத் தோன்றாது. அடைப்பான் இல்லாமல் நான் இப்போது அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. காதையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

மீதியை மைக் பார்த்துக்கொள்ளும். எல்லா மேடைகளிலும் பார்க்கும் அந்தப் பந்துத் தலை மைக், ஷ்யூர் எஸ்எம்58, 1966-இலிருந்து இருக்கிறது. உதடு படும் அளவுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டால் அடி ஒலி தடிமனாக ஏறும். வீட்டுச் சமையலறையில் வந்த அதே உறுமல் ஸ்பீக்கரில் காட்டு மிருகமாகக் கேட்கும். சிலர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறார்கள். பார்க்க ஸ்டைலாக இருக்கும், குரலும் கனத்ததுபோலத் தோன்றும். ஆனால் பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி மேடை ஸ்பீக்கர் கூவும், சொல் ஒன்றும் புரியாது. சவுண்டு பார்க்கும் அண்ணன் முறைப்பார். அவர் முறைப்பில் நியாயம் இருக்கிறது.

தமிழில் உறுமுவதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். எங்களுக்கு தானே புயல் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் பாண்டிக்கும் இடையில் கரையேறி, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்துப் போட்ட புயல். அந்தப் பாட்டை எழுதும்போது முதலில் எல்லா வரியும் "மரம்", "நிலம்", "தோட்டம்" என்று மகரத்தில் முடிந்தது. எழுத்தில் நன்றாக இருந்தது, தொண்டையில் செத்துப்போனது. ம், ன், ங் வரும்போது வாய் அடைத்துக் காற்று மூக்கு வழியே திரும்பும், அந்த இடத்தில் கரகரப்பு அப்படியே அணைந்துவிடும். தமிழில் பாதிச் சொற்கள் மூக்கில்தான் முடிகின்றன. "மரமே, நிலமே" என்று விளிக்கு மாற்றினேன், கடைசி உயிரெழுத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடிந்தது. கூத்துப் பாட்டிலும் அடி முடிவில் ஏகாரத்தைப் போட்டு இழுப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

உயிரெழுத்துதான் உறுமலின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. தொண்டையில் எதையும் மாற்றாமல் "ஊ", "ஓ" என்று உதட்டைக் குவித்தால் குரல் பாதாளத்துக்கு இறங்கும். "ஈ" என்று விரித்தால் அதே அதிர்வு கிறீச்சென்று மேலே ஏறியதுபோல இருக்கும். ஆழமாக வேண்டும் என்று தொண்டையை அழுத்துகிறவர்கள், உதட்டை அசைத்தாலே போதும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் காயம் குறையும். குறில் வீணாகப் போகும், நெடில்தான் நிற்கும். வல்லினம் இரட்டிக்கும் இடங்களெல்லாம் வரம். "காற்று", "கொட்டு", "வெட்டு" என்று சொல்லும்போது அந்த ஒற்றில் காற்று ஒரு கணம் நின்று தெறிக்கிறது, டிரம்ஸ்காரரின் கிக் அடியோடு அதைப் பொருத்தினால் மேடை அதிரும். ல, ள, ழ மூன்றும் உறுமலில் ஒன்றாகிவிடும். தமிழய்யாக்கள் மன்னிக்கட்டும்.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறும். உடம்பு முழுக்க ஈரமானால்தான் அங்கேயும் ஈரம் சேரும், அதனால் பாடும் நேரத்தில் குடிப்பதைவிடக் காலையிலிருந்து குடிப்பதுதான் கணக்கு. நேராகப் போய்ச் சேர்வது ஆவி மட்டும். மருந்து எதுவும் போடாத வெறும் வெந்நீர் ஆவி. அதிமதுரம், சித்தரத்தை, மிளகு தட்டிப் போட்ட பனங்கற்கண்டுப் பால் எல்லாம் எனக்கும் பிடிக்கும். இதமாக இருக்கும், தடிப்பைக் கரைக்காது. ஒத்திகை முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து காரமான மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் மேலே ஏறிக் குரல்வளையைப் புண்ணாக்கும். காலையில் கரகரப்பு. மெட்டல்மேல் பழி விழும். மேடைக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்வதும் மரத்துப்போக வைக்கும் மிட்டாயைச் சப்புவதும் வேண்டாம். நிறுத்து என்று சொல்லும் வலியை அவை மறைத்துவிடும், ஆஸ்பிரின் போன்றவை குரல்நாணில் ரத்தம் கசியும் ஆபத்தையும் கூட்டும்.

மறுநாள் காலையில் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. குழந்தையை எழுப்பாத அளவுக்கு மெல்லிய குரலில், உயர்ந்த சுருதியில், "ஆராரோ" என்று இழுத்துப் பார்ப்பேன். குரல் உடனே வந்தால் சரி. முதலில் வெறும் காற்று வந்து, அப்புறம் தடுக்கிக் குரல் வந்தால், நாணில் வீக்கம் இருக்கிறது. அன்றைக்கு உறுமல் கிடையாது, வகுப்பிலும் போர்டில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிடுவேன். கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் போகாவிட்டால் பாட்டிவைத்தியத்தையும் இணையத்தையும் விட்டுவிட்டு ஈஎன்டி டாக்டரிடம் போய்விட வேண்டும். உறுமுகிறவர்கள் மட்டும் இல்லை, யாராக இருந்தாலும்.

என் வீடியோ ஒன்று எப்படியோ பள்ளிக்கு வந்து சேர்ந்தது. தலைமையாசிரியை ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துக்கு மட்டும் இனிமேல் என்னைக் கூப்பிடுவதாக இல்லை என்று ஜாடையாகச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்தான் விடவில்லை, கற்றுக்கொடுங்கள் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிறார்கள். பாதிப் பேருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கும் வயது. குரல்வளை வளர்ந்து, நாண் நீண்டு தடித்துக்கொண்டிருக்கும்போது உறுமச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குரல் நிலைக்கட்டும், அதுவரைக்கும் இதைச் செய்யுங்கள் என்று ஸ்ட்ரா வித்தையை மட்டும் காட்டினேன். இப்போது மதிய இடைவேளையில் வராந்தா முழுக்க வாட்டர் பாட்டில்களில் "ஊ" என்று குமிழி விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பி.டி. சார் புகார் கொடுத்திருக்கிறார்.